பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல்: புகார் தருபவருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு நடைமுறை வழிகாட்டி

நடந்தது உண்மை என்று அலுவலகம் முழுக்கத் தெரிந்த புகார்கூட, ஒரு தேதி தவறினால் தள்ளுபடியாகும். புகாரை விசாரிக்கும் குழுவில் ஓர் உறுப்பினர் குறைந்திருந்தால், மூன்று மாதம் நடந்த விசாரணையை நீதிமன்றம் ஒரே வரியில் செல்லாது என்று சொல்லிவிடலாம். அதனால் இந்தக் கட்டுரை சட்டத்தின் நோக்கத்தைவிட அதன் தேதிகளையும் தாள்களையும் பற்றியே அதிகம் பேசுகிறது. புகார் தரப்போகிற பெண், புதிதாகக் குழுவில் சேர்க்கப்பட்டவர், பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளி ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

சட்டம் வந்த வழி

1992இல் ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியராக இருந்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அலுவலகங்களில் இதை 'போஷ் சட்டம்' என்றும், விசாரிக்கும் குழுவை 'ஐசி' அல்லது பழைய பழக்கத்தில் 'ஐசிசி' என்றும் சொல்கிறார்கள். தமிழில் உள்ளகக் குழு.

யாருக்கு, எங்கே பொருந்தும்

நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுபவர்கள் ஏராளம். தற்காலிக ஊழியர், தினக்கூலி, கான்ட்ராக்டர் மூலம் வந்தவர், பயிற்சியாளர், அப்ரண்டிஸ், சம்பளமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவர் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்களே. புகார் தரும் பெண் அங்கே ஊழியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வங்கிக்கு வந்த வாடிக்கையாளர், மருத்துவமனைக்கு வந்த நோயாளி, பொருள் கொடுக்க வந்த பெண் என யாரும் புகார் தரலாம். வயது வரம்பு கிடையாது. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அந்த வீடே பணியிடம்.

பணியிடம் என்பது நான்கு சுவரோடு முடிவதில்லை. வேலை நிமித்தம் போகும் எந்த இடமும் அதில் அடங்கும்: வாடிக்கையாளர் அலுவலகம், பயிற்சி நடக்கும் ஓட்டல், நிறுவனம் ஏற்பாடு செய்த கேப், மில் பேருந்து. இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் வண்டியில் டிரைவர் செய்தது 'வெளியே நடந்தது' ஆகாது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியும் அப்படித்தான்.

புகாருக்கு உள்ளானவர் வேறு நிறுவனத்தையோ வேறு துறையையோ சேர்ந்தவர் என்றால் எந்தக் குழு விசாரிப்பது என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. பெண் வேலை செய்யும் இடத்துக் குழுவே அந்தப் புகாரை எடுத்து விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆண்கள் இந்தச் சட்டத்தின்கீழ் புகார் தர முடியாது. நிறுவனம் தன் உள்விதிகளில் ஆண்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளத் தடையில்லை. பல பெரிய நிறுவனங்கள் அப்படியே செய்கின்றன.

எது துன்புறுத்தல்

சட்டம் ஐந்தைச் சொல்கிறது. உடலைத் தொடுவதும் நெருங்க முயல்வதும். பாலியல் உறவுக்குக் கேட்பது அல்லது வற்புறுத்துவது. பாலியல் சாயலுள்ள பேச்சு. ஆபாசப் படமோ வீடியோவோ காட்டுவது. இவை தவிர, விரும்பத்தகாத பாலியல் தன்மையுள்ள வேறு எந்தச் சொல், செயல், சைகையும். 'இணங்கினால் பதவி உயர்வு', 'இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டேன்' என்று வெளிப்படையாகவோ பூடகமாகவோ சொல்வதையும், அந்தப் பெண் நிம்மதியாக வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குவதையும் இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முடிச்சு இருப்பது 'விரும்பத்தகாத' என்ற சொல்லில். 'நான் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை', 'எல்லோரிடமும் இப்படித்தான் பழகுவேன்' என்பவை குழுவின் முன் வழக்கமாக வரும் பதில்கள். செய்தவரின் எண்ணத்தைவிட அது அந்தப் பெண்ணுக்கு எப்படிப் பட்டது என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதே நேரம், வேலையில் குறை சொன்னது, விடுப்பு மறுத்தது, எல்லோரையும் போலக் கத்தியது ஆகியவற்றில் பாலியல் தன்மை இல்லாவிட்டால் இந்தச் சட்டம் உதவாது. அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு, கடைசியில் பார்ப்போம்.

நடந்த அன்று செய்ய வேண்டியது

முதலில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், யார் அருகில் இருந்தார்கள், என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று, சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். கொச்சையாக இருக்கிறதே என்று நாகரிகப்படுத்த வேண்டாம். 'அசிங்கமாகப் பேசினார்' என்ற வரியை வைத்துக்கொண்டு எந்தக் குழுவும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

எழுதியதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டால் அன்றைய தேதி பதிவாகிவிடும். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லியிருந்தால் அவர் பிறகு சாட்சியாக வரலாம். நேரில் பார்க்காவிட்டாலும், 'அன்று மாலை அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்' என்பதற்கு மதிப்பு உண்டு.

செய்திகளை அழிக்காதீர்கள், அருவருப்பாக இருந்தாலும். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை மட்டும் காட்டும் படத்தை, 'அந்தப் பெயரில் யாரை வேண்டுமானாலும் சேமித்திருக்கலாம்' என்று எளிதில் மறுத்துவிடுவார்கள். செய்தி வந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள். வழக்கு குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுச் சான்றுக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். அப்போது மூலக் கருவி தேவைப்படும்.

சிசிடிவி பதிவுதான் பலர் கோட்டை விடும் இடம். பெரும்பாலான இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். புகார் முழுதாகத் தயாராகாவிட்டாலும், 'இன்ன தேதி, இன்ன நேரம், இரண்டாம் மாடி வராந்தா கேமரா பதிவை அழியாமல் காக்கவும்' என்று இரண்டு வரி மின்னஞ்சலை உடனே அனுப்பிவிடுங்கள். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம். அதையே காரணம் காட்டி உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க வழி கொடுத்ததாகும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குழுவிடம் சொன்னால் போதும். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் ஆட்களை அழைக்கவும் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு.

மூன்று மாதம்: தவறவிடக்கூடாத தேதி

சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். காரணம் நியாயமாக இருந்தால் குழு அதை எழுதிப் பதிவுசெய்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரமில்லை.

உதாரணமாக, கடைசிச் சம்பவம் மார்ச் 11 என்றால் ஜூன் 11 வரை உரிமையோடு தரலாம்; செப்டம்பர் 11 வரை காரணம் சொல்லித் தரலாம். தாமதமாகத் தரும்போது, ஏன் முன்பே தரவில்லை என்ற பத்தி புகாரிலேயே இருக்கட்டும்: உடல்நிலை, மிரட்டல், அவரே மேலதிகாரியாக இருந்தது, குழு இருப்பதே தெரியாதது. இந்தப் பத்தி இல்லாமல் குழு நீட்டித்துக் கொடுத்தால், எதிர்த்தரப்பு பின்னால் அதையே பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'பிறகு என்னை வேறு துறைக்கு மாற்றினார்கள், அதுவும் துன்புறுத்தலின் தொடர்ச்சிதான்' என்று சொல்லிப் புகார் தருபவர்கள் சிலர் தேதியை நகர்த்தப் பார்ப்பார்கள். பின்னால் வந்த நிர்வாக நடவடிக்கை பாலியல் சம்பவத்தோடு நேரடியாகப் பிணைந்தது என்று காட்ட முடியாவிட்டால், எண்ணிக்கை பழைய தேதியிலிருந்தே ஓடும். 2025இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயும் புகார் நிற்கவில்லை.

'முதலில் வாய்மொழியாக எச்.ஆரிடம் சொன்னேன், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்' என்று காத்திருப்பதும் ஆபத்து. வாய்மொழிக்குத் தேதி கிடையாது. எழுத வராதவருக்கு எழுதித் தர வேண்டியது குழுவின் கடமை.

புகாரை எப்படி எழுதுவது

முகவரி: உள்ளகக் குழுத் தலைவருக்கு. எச்.ஆருக்கும் மேலாளருக்கும் நகல் அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பினால் ரகசியம் போகும். தமிழிலேயே எழுதலாம். ஆறு நகல்கள், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி ஆகியவற்றோடு தர வேண்டும் என்பது விதி. மின்னஞ்சலில் வந்தது, நகல் குறைகிறது என்று சொல்லிப் புகாரை வாங்க மறுப்பது குழுவுக்கு அழகல்ல. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

'நான் இந்த நிறுவனத்தில் 2023 ஜூன் முதல் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். 2025 மார்ச் 11 செவ்வாய்க்கிழமை மாலை சுமார் 5.40 மணிக்கு, ஸ்டோர் ரூமில் நான் தனியாக இருந்தபோது, பிரிவு மேலாளர் (பெயர்) உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என் தோளில் கை வைத்து, "............" என்றார். நான் கையைத் தட்டிவிட்டு, வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்தேன். வாசலில் (சாட்சி பெயர்) என்னைப் பார்த்தார். அன்றிரவு 9.15க்கு அவர் அனுப்பிய செய்தி, இணைப்பு 1.'

சம்பவத்துக்கு ஒரு பத்தி, தேதி வரிசையில். தேதி சரியாக நினைவில்லை என்றால் 'பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம்' என்று எழுதுங்கள். ஊகித்து ஒரு தேதி போட்டுவிட்டு, அன்று அவர் விடுப்பில் இருந்தார் என்று வருகைப் பதிவேடு காட்டினால், மீதி உண்மைகளும் சேர்ந்து அடிபடும். கடைசியில் நீங்கள் கேட்பது என்ன என்று சொல்லுங்கள்: விசாரணை, இடைக்காலப் பாதுகாப்பு, இழப்பீடு. கொடுத்ததற்கு தேதியும் கையொப்பமும் உள்ள ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ ஒரு பிரதி அனுப்புங்கள்.

பாதிக்கப்பட்டவர் உடல்நலமின்றி இருந்தால் உறவினர், தோழி, சக ஊழியர் ஆகியோரில் ஒருவர் தரலாம். இறந்துவிட்டிருந்தால் சட்டப்படியான வாரிசின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு விவரம் அறிந்தவர் தரலாம்.

யாரிடம் கொடுப்பது

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் உள்ளகக் குழு. பத்துக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடை, பட்டறை, கிளினிக், வீடு என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழு. இடம் எவ்வளவு பெரியதானாலும், புகார் முதலாளி மீதே என்றால் உள்ளூர்க் குழுதான். தன் சம்பளக் காசோலையில் கையெழுத்துப் போடுபவரை ஊழியர்கள் விசாரிப்பார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

உள்ளூர்க் குழு எங்கே என்று தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ கேளுங்கள். ஊரகப் பகுதியில் வட்டார, வட்ட அளவில் தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் தன்னிடம் வந்த புகாரை ஏழு நாளுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பல மாவட்டங்களில் இந்த அமைப்பு காகிதத்தில்கூட இல்லாமலிருந்ததால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கெடு வைத்து அமைக்கச் சொன்னது. மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' இணையதளத்திலும் பதிவுசெய்யலாம். புகார் உரிய குழுவுக்குப் போகும், நிலவரத்தையும் அங்கேயே பார்க்கலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

குழு அமைப்பது: முதலாளிகள் சறுக்கும் இடம்

பத்துப் பேர் என்பதில் ஆண்கள், கான்ட்ராக்ட் ஆட்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் அடக்கம். 'எங்களிடம் பெண்களே இல்லை, குழு எதற்கு' என்ற வாதம் செல்லாது. புகார் தருபவர் வெளியிலிருந்தும் வரலாம். நான்கு ஊரில் கிளை இருந்தால் நான்கு குழு. தலைமை அலுவலகத்தில் ஒன்று வைத்து எல்லாவற்றையும் சமாளிப்பது சட்டத்தின் வாசகத்துக்குப் பொருந்தாது.

குறைந்தது நான்கு பேர். தலைவர் அந்த இடத்தில் மூத்த பொறுப்பில் உள்ள பெண் ஊழியர். ஊழியர்களில் குறைந்தது இருவர் உறுப்பினர்கள். பெண்கள் பிரச்சினையில் ஈடுபாடோ சமூகப்பணி அனுபவமோ சட்ட அறிவோ உள்ளவர்களானால் நல்லது. வெளி உறுப்பினர் ஒருவர், பெண்கள் நலனுக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்த விஷயத்தில் அனுபவமுள்ளவராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மிகக்கூடாது. மூன்று ஆண்டு கடந்தும் பழைய குழுவே விசாரித்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம்.

மூத்த பெண் ஊழியரே இல்லாத யூனிட்டுகள் உண்டு. திருப்பூர், திண்டுக்கல் பக்கம் தையல் வரிசை முழுக்கப் பெண்களும் மேற்பார்வை முழுக்க ஆண்களுமாக இருக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே தையல்காரப் பெண் ஒருவரைப் பெயருக்குத் தலைவராக்கக் கூடாது. அதே முதலாளியின் வேறு யூனிட்டில் உள்ள மூத்த பெண்ணை நியமிக்கச் சட்டமே வழி விட்டிருக்கிறது.

வெளி உறுப்பினராக முதலாளியின் தங்கையையோ கம்பெனியின் ஆடிட்டரையோ போடுவது இன்னொரு வழக்கமான தவறு. சார்பில்லாத ஆள் வேண்டும் என்பதற்காகவே அந்த இடம் உண்டாக்கப்பட்டது. விதிப்படி அவருக்குச் சேர வேண்டிய அமர்வுப்படி நாளொன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும். அந்தத் தொகைக்கு யாரும் முழுநாள் உட்கார மாட்டார்கள். நிறுவனங்கள் பேசி அதிகம் தருகின்றன.

நியமன ஆணையில் உறுப்பினர் பெயர், பதவி, தொடர்பு எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்கட்டும். அதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், எல்லோருக்கும் புரியும் மொழியில் ஒட்ட வேண்டும். இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்கள் நிறைந்த ஆலையில் ஆங்கில அறிவிப்பு மட்டும் ஒட்டி வைப்பதில் பயனில்லை. கேன்டீன் சுவரும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் நல்ல இடங்கள். கதவின் உள்பக்கத்தில் இருந்தால் யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

விசாரணை நடக்கும் விதம்

புகார் வந்த ஏழு வேலைநாளுக்குள் அதன் நகலைப் புகாருக்கு உள்ளானவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பத்து வேலைநாளுக்குள் பதிலும் ஆவணங்களும் சாட்சிப் பட்டியலும் தர வேண்டும். முழு விசாரணையும் 90 நாளுக்குள் முடிய வேண்டும். ஒவ்வோர் அமர்விலும் தலைவர் உட்பட மூன்று பேராவது இருக்க வேண்டும். வெளி உறுப்பினர் இல்லாமல் அமர்வுகளை நடத்தாமலிருப்பது பாதுகாப்பு.

இருதரப்பும் வழக்கறிஞரை அழைத்துவர முடியாது. வெளியே ஆலோசனை கேட்க யாரும் தடுக்கவில்லை, பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும், எண் 15100.

புதிய குழு உறுப்பினர் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: ஒருவர் சொன்னதை வைத்து முடிவெடுக்கும் முன், மற்றவருக்கு அதைக் காட்டிப் பதில் கேட்டிருக்க வேண்டும். புகாரும் ஆவணங்களும் சாட்சி வாக்குமூலங்களும் எதிர்த்தரப்புக்குப் போயாக வேண்டும். குறுக்கு விசாரணை வேண்டும் என்று அவர் கேட்டால் மறுக்காதீர்கள். அதற்காக இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைக்கவும் தேவையில்லை. கேள்விகளை எழுதி வாங்கி, பொருத்தமற்றவற்றை நீக்கி, தலைவரே கேட்டுப் பதிலைப் பதிவுசெய்யலாம். 'அன்று என்ன உடை அணிந்திருந்தீர்கள்', 'கணவருக்குத் தெரியுமா' வகைக் கேள்விகள் நீக்க வேண்டியவற்றில் முதலில் வருபவை.

தொடர்ந்து மூன்று அமர்வுக்குத் தக்க காரணமின்றி வராதவரை விட்டுவிட்டு ஒருதலையாக முடிவெடுக்கலாம். அதற்கு முன் 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தந்திருக்க வேண்டும்.

குற்றவியல் நீதிமன்றம்போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டினால் போதும். யாருமில்லாத அறையில் நடந்ததற்கு நேரடிச் சாட்சி கேட்டால் பாதிப் புகார்களை மூடிவிட வேண்டியதுதான். இருவர் சொல்வதில் எது முன்பின் முரணின்றி இருக்கிறது, சூழ்நிலைச் சான்று எதற்குத் துணை நிற்கிறது என்று அறிக்கையில் காரணத்தோடு எழுதுங்கள். 'குழு ஒருமனதாக முடிவு செய்தது' என்ற ஒற்றை வரி மேல்முறையீட்டில் நிற்காது.

விசாரணை ஓடும்போது பாதுகாப்பு

எழுத்தில் கேட்டால், இருவரில் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றவோ, பெண்ணுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். இந்த விடுப்பு அவருக்குச் சேர வேண்டிய வழக்கமான விடுப்பில் கழியாது. அவரது வேலை மதிப்பீட்டை எதிர்த்தரப்பு எழுதக்கூடாது என்றும் உத்தரவிடச் சொல்லலாம். கேட்காதபோது பெண்ணைத் தூர ஊருக்கு மாற்றி 'பாதுகாப்புக்காக' என்பது பாதுகாப்பு ஆகாது. பழிவாங்கலுக்கென்று இந்தச் சட்டத்தில் தனிப்பிரிவு இல்லாதது பெரிய ஓட்டை. ஆகவே புகாருக்குப் பிறகு வரும் ஒவ்வொரு மெமோவையும் ஷிப்ட் மாற்றத்தையும் தேதியோடு குழுவுக்கு எழுதித் தெரிவித்துக்கொண்டே இருங்கள்.

சமரசம் பேசலாம், அதைப் பெண் கேட்டால் மட்டும், விசாரணை தொடங்கும் முன் மட்டும். பணம் கொடுத்து முடிப்பது சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக்கூடாது. சமரசம் எழுத்தில் பதிவாகிவிட்டால் விசாரணை நடக்காது. எனவே 'மன்னித்துவிடும்மா, குடும்பஸ்தன்' என்று குழுவே எடுத்துக் கொடுப்பது சட்டத்தைத் திருப்பிப் போடுவதாகும்.

அறிக்கையும் அதன் பிறகும்

விசாரணை முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை நிறுவனத்துக்கும் இரு தரப்புக்கும். 60 நாளுக்குள் நிறுவனம் பரிந்துரையை நிறைவேற்ற வேண்டும். எழுத்துமூல மன்னிப்பு, எச்சரிக்கை, பதவி உயர்வையோ ஊதிய உயர்வையோ நிறுத்துதல், வேலைநீக்கம், ஆலோசனை அமர்வு, சமூக சேவை என்று பலவகை நடவடிக்கை உண்டு. இழப்பீட்டைச் சம்பளத்தில் பிடித்துத் தரலாம். மன உளைச்சல், வேலையில் இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம் ஆகியவற்றைப் பார்த்துத் தொகை தீர்மானிக்கப்படும். மருத்துவ ரசீதுகளை ஆரம்பத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்.

முடிவில் திருப்தி இல்லாத எவரும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பணிவிதிகள் உள்ள இடத்தில் அவற்றின்படி. மற்ற தனியார் நிறுவனங்களில் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம்.

'நிரூபிக்க முடியாவிட்டால் என்மேல் நடவடிக்கை வருமா' என்ற பயம் பலரை நிறுத்துகிறது. வராது. நிரூபிக்க முடியாமல் போனது வேறு, பொய் என்று தெரிந்தே கெடுநோக்கில் கொடுத்தது வேறு. இரண்டாவதற்கே நடவடிக்கை, அதுவும் அந்தக் கெடுநோக்கு தனியே விசாரித்து நிறுவப்பட்ட பிறகு.

பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் வெளியிடக்கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் தரக்கூடாது. புகாரையோ விசாரணையையோ கையாளும் பொறுப்பில் இருந்துகொண்டு இதை மீறுபவருக்கு 5,000 ரூபாய் அபராதம். வாட்ஸ்அப்பில் 'விஷயம் தெரியுமா' என்று ஆரம்பிக்கும் குழு உறுப்பினருக்கும் இது பொருந்தும்.

காவல் நிலையம்

குழுவும் காவல்துறையும் தனித்தனிப் பாதைகள். இரண்டிலும் ஒரே நேரத்தில் போகலாம். பெண் விரும்பினால் காவல் புகாருக்கு உதவுவது நிறுவனத்தின் சட்டக் கடமை. 'முதலில் கம்பெனிக் குழு அறிக்கை கொண்டு வா' என்று நிலையத்தில் சொன்னால் அதற்கு ஆதாரமில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்துகிறது: பாலியல் துன்புறுத்தலுக்குப் பிரிவு 75, பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78, பெண்ணின் மானத்தைக் குலைக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் 79. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் பெண்கள் மீதான வன்தொல்லைத் தடுப்புச் சட்டமும் உண்டு. வாக்குமூலத்தைப் பெண் காவல் அலுவலரே பதிவுசெய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

மூன்று மாதக் கெடு குழுவுக்கு மட்டுமே. அது தவறிவிட்டாலும் காவல் நிலையக் கதவு மூடுவதில்லை.

நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு

ஆண்டு முடிந்ததும் வந்த புகார், முடித்தவை, 90 நாளுக்குமேல் நிலுவை, நடத்திய பயிற்சிகள், எடுத்த நடவடிக்கை ஆகிய ஐந்தையும் எழுதி மாவட்ட அலுவலருக்கு அறிக்கை போக வேண்டும். புகாரே வராவிட்டாலும் சுழியம் என்று எழுதி அனுப்ப வேண்டும். கம்பெனிகள் இயக்குநர் குழு அறிக்கையிலும் புகார் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்பது 2025 ஜூலை 14 முதல் கட்டாயம். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் தவறினால் இரட்டிப்பு, உரிமம் ரத்தும் ஆகலாம். பெரிய கம்பெனிக்கு 50,000 ஒரு மதிய விருந்துச் செலவு. அவர்களை உண்மையில் அசைப்பது உரிமம் பற்றிய அந்த வரியும், குழுவே இல்லாமல் நடந்த வேலைநீக்கம் நீதிமன்றத்தில் சரிவதும்தான்.

இந்தக் குழுவுக்கு வராதவை

பாலியல் தன்மை இல்லாத பாகுபாட்டுக்கு வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்றால் 1976இன் சம ஊதியச் சட்டத்தின் இடத்தில் இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. தொழிலாளர் துறையில் புகார் தரலாம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. அந்த விடுப்பில் இருப்பவரை வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நேராகக் காவல் நிலையம். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டமும், எச்ஐவி உள்ளவர்களுக்கு 2017 சட்டமும், திருநர்களுக்கு 2019 சட்டமும் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கின்றன. கடைசிச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் திருநர் புகார்களுக்கென ஓர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும்; உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள். உள்ளகக் குழு ஆணையின் நகலையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.